2.4 பெரிதா, 2.1 பெரிதா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொழுது இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பரணை ஒழித்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், 2003 பொங்கலுக்கு வாங்கிய பழைய கம்ப்யூட்டர் பெட்டி கிடந்தது. பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கும் என் தம்பி மகள்தான் அதைத் தூசி தட்டித் திறந்தாள். உள்பக்கத் தகட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ‘2.4 / 128’ என்று எழுதியிருந்தது. அவள் தன் கைப்பேசியில் ஒரு லேப்டாப் விளம்பரத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் 2.1 கிகாஹெர்ட்ஸ்.

“அத்தை, உங்க பழைய பெட்டியில 2.4. இருபது வருஷம் கழிச்சு வர்றதுல 2.1. கம்ப்யூட்டர் பின்னாடி போயிருக்கா?”

நல்ல கேள்வி. அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சில்லுகளின் கதையைத் தேடித் தேடிப் படித்தவள் நான். அதற்குக் காரணம் அந்தப் பழைய பெட்டிதான். எனக்கு அதில் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதை.

கம்ப்யூட்டரின் மூளையான புராசசருக்கு ஒரு தாளம் உண்டு. டிக், டிக் என்று ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஓர் அடி நகரும். நொடிக்கு எத்தனை லட்சம் துடிப்பு, எத்தனை கோடி துடிப்பு என்பதைத்தான் மெகாஹெர்ட்ஸ், கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்ற முதல் புராசசர் சில்லு நொடிக்கு அதிகபட்சம் 7 லட்சத்து 40 ஆயிரம் முறை துடித்தது. அதற்குள் 2300 டிரான்சிஸ்டர்கள். ஜப்பானிய கால்குலேட்டர் கம்பெனி ஒன்றுக்காகச் செய்தது. பத்து வருடம் கழித்து, 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதிலிருந்த 8088 சில்லின் துடிப்பு நொடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம், அதாவது 4.77 மெகாஹெர்ட்ஸ்.

துடிப்பு மட்டும் போதுமா? எங்கள் ஆரணிப் பக்கத்தில் ஏற்றம் இறைத்ததை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு எத்தனை தடவை சால் இறங்கி ஏறுகிறது என்று எண்ணினால் அதுதான் மெகாஹெர்ட்ஸ். ஆனால் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் எவ்வளவு என்று சொல்ல, சால் எவ்வளவு பெரிது என்பதும் தெரிய வேண்டும். அந்தப் பழைய 8088 சில்லு, ஒரு சாதாரணப் பெருக்கலைச் செய்ய நூறு துடிப்புக்கு மேல் எடுத்துக்கொண்டது. பென்டியம் வந்தபோது அதே பெருக்கலுக்குப் பத்துப் பதினோரு துடிப்பு போதும் என்றாகிவிட்டது. இன்றைய சில்லு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பெருக்கலை முடித்து வெளியே தள்ளும். சால் அவ்வளவு பெரிதாகிவிட்டது. விளம்பரத்தில் சாலின் அளவை யாரும் போடுவதில்லை.

அப்படியானால் எல்லோரும் ஏன் துடிப்பை மட்டும் பார்த்தோம்? ஏனென்றால் ஒரு காலத்தில் அது உண்மையாகவே சரியான அளவுகோலாக இருந்தது. இதற்கு இரண்டு பங்காளிகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

இன்டெல் 1968இல் தொடங்கியது, ஏஎம்டி 1969இல். இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்டு என்ற ஒரே கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். ஐபிஎம்முக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: ஒரே ஆளை நம்பிச் சரக்கு வாங்க மாட்டோம், இன்னொருவரும் அதே சில்லைச் செய்து தர வேண்டும். அதனால் 1982இல் இன்டெல் தன் வரைபடங்களை ஏஎம்டியோடு பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டது. 1985இல் 386 சில்லு வந்ததும் இன்டெல் மனம் மாறி, இதை நாங்களே செய்துகொள்கிறோம் என்று கதவைச் சாத்தியது. பிறகென்ன, வழக்கு. பங்காளிச் சண்டை கோர்ட்டு ஏறினால் எத்தனை வருடம் இழுக்கும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1987இல் தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரை இழுத்தது.

இதற்கிடையில் 1991இல் ஏஎம்டி தன் சொந்த 386 சில்லைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்டெலின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ். ஏஎம்டியுடையது 40. உள்ளே வேலை செய்யும் முறை ஒன்றுதான்; சால் ஒரே அளவு. அப்போது 40 என்பது 33ஐ விட வேகம் என்று சொன்னதில் பொய்யே இல்லை. மக்கள் அந்த ஒப்பிடும் பழக்கத்தை இந்தக் காலத்தில்தான் கற்றுக்கொண்டார்கள். பழக்கம் நின்றுவிட்டது, சால்கள் மாறிப்போயின.

மாறிய விதமும் வேடிக்கையானது. ‘386’ போன்ற எண்ணை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் 586 என்று வந்திருக்க வேண்டிய சில்லுக்கு, ஐந்து என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பென்டியம் என்று பெயர் வைத்து, 1993 மார்ச்சில் வெளியிட்டது இன்டெல். 60, 66 மெகாஹெர்ட்ஸ். 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள். அதை உருவாக்கிய பணியில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் புனேயில் பிறந்து டெல்லி பொறியியல் கல்லூரியில் படித்த வினோத் தாம். அவரே பின்னர் நெக்ஸ்ஜென் என்ற சிறு கம்பெனிக்குப் போனார். அதை ஏஎம்டி வாங்கியது. அங்கே பிறந்த கே6 சில்லு 1997இல் பென்டியத்துக்கே போட்டியாக வந்து நின்றது. சம்பந்திகள் எதிரெதிர் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

கணக்கு சொல்லிக் கொடுத்தவள் என்பதால் ஒன்றை இங்கே நின்று சொல்லாமல் போக முடியவில்லை. பென்டியத்தில் வகுத்தலை வேகப்படுத்த, உள்ளேயே ஒரு அட்டவணை வைத்தார்கள். நாம் வாய்ப்பாடு பார்த்து ஈவு போடுவது போல, அது அட்டவணையைப் பார்த்து ஈவு போடும். அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டுப் போயின. 1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், இரட்டைப் பகா எண்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது விடை இடிப்பதைக் கவனித்தார். அந்தப் பிழையைக் காட்ட ஒரு கணக்கு பிரபலமாயிற்று. 4195835ஐ 3145727ஆல் வகுங்கள். சரியான விடை 1.33382 என்று தொடங்கும். அந்தச் சில்லு 1.33373 என்று சொன்னது. யாருக்கு மிகத் துல்லியமான கணக்கு தேவையோ அவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் முதலில் சொல்லிப் பார்த்தது. ஜனங்கள் விடவில்லை. டிசம்பர் 20ஆம் தேதி, கேட்கிற எல்லோருக்கும் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். ஐந்து கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்கு!

பென்டியத்துக்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் சாலைத் தானே செய்துகொண்டது. சைரிக்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. அதன் 6x86 சில்லு 133 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். ஆனால் மேலே ‘166+’ என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் 133, பென்டியத்தின் 166க்குச் சமம் என்று அர்த்தம். டைப் அடிப்பது, கணக்கு எழுதுவது போன்ற அலுவலக வேலைகளில் அந்தப் பேச்சு நின்றது. 1996இல் குவேக் என்ற விளையாட்டு வந்தது. அது முழுக்கத் தசமப் புள்ளிக் கணக்கு. அதில் சைரிக்ஸ் திணறியது. பொய் சொன்னார்கள் என்று திட்டினார்கள். பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. எந்த வேலையில் 166 என்று எண்ணோடு சேர்த்து அச்சிட இடமில்லை, அவ்வளவுதான்.

பந்தயம் உச்சத்துக்குப் போனது 2000ஆம் ஆண்டில். நொடிக்கு 100 கோடித் துடிப்பு, அதாவது 1 கிகாஹெர்ட்ஸ் என்ற கோட்டை யார் முதலில் தாண்டுவது? மார்ச் 6ஆம் தேதி ஏஎம்டி தன் அத்லான் சில்லை அறிவித்தது. இரண்டே நாள், மார்ச் 8ஆம் தேதி இன்டெல் தன் பென்டியம் 3ஐ அறிவித்தது. முந்திக்கொள்ளும் அவசரத்தில் ஜூலை கடைசியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 ஒன்றை இன்டெல் வெளியிட்டது. சோதித்துப் பார்த்த பத்திரிகையாளர்கள் சில வேலைகளில் அது படுத்துவிடுகிறது என்று கண்டு எழுதினார்கள். ஒரு மாதத்துக்குள் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே நவம்பரில் வந்தது பென்டியம் 4. எடுத்த எடுப்பிலேயே 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். எப்படிச் சாதித்தார்கள்? வீட்டுக்குத் தளம் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் நின்றால் ஒவ்வொருவரும் நாலடி எட்டிக் கொடுக்க வேண்டும். இருபது பேர் நின்றால் இரண்டடிதான். சட்டென்று கைமாற்றலாம், தாளம் வேகமாகும். பென்டியம் 3இல் பத்துப் படி என்றால் பென்டியம் 4இல் இருபது. துடிப்பு எண் எகிறியது. ஆனால் கொத்தனார் மேலிருந்து “இந்தப் பக்கம் இல்லைய்யா, அந்தப் பக்கம் போடணும்” என்று கத்தினால்? வரிசையில் இருக்கிற அத்தனை சட்டியும் வீண். வரிசை நீளமாக இருந்தால் வீணும் அதிகம். புராசசர் வேலையில் இப்படிப் பாதை மாறுவது அடிக்கடி நடக்கும். அதனால் 1.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, பல வேலைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3இடமே தோற்றது. தன் வீட்டுத் தம்பியிடமே!

ஆப்பிள்காரர்கள் 2001இல் மேடை போட்டு, மெகாஹெர்ட்ஸ் என்பது ஒரு மாயை என்று 867 மெகாஹெர்ட்ஸ் மேக்கையும் 1.7 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். தங்களுக்குத் தோதான வேலையாகத்தான் பொறுக்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அதே வருடம் அக்டோபரில் ஏஎம்டி, சைரிக்ஸ் போன வழியிலேயே போனது. 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடும் அத்லான் எக்ஸ்பிக்கு ‘1800+’ என்று பெயர் வைத்தது. எங்கள் பழைய அத்லானோடு ஒப்பிட்டுத்தான் இந்த எண் என்று ஏட்டில் சொன்னார்கள். பென்டியம் 4ஐ மனதில் வைத்துத்தான் என்று பிரபஞ்சத்துக்கே தெரியும்.

இப்போது ஆரணிக்கு வருகிறேன். 2003 தை மாதம். என் மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தான். பி.எஃப். முன்பணம் எடுத்து அவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். பஜாரில் பெட்டி பூட்டிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான், வேண்டாம்.

அவன் சொன்னது இதுதான். “டீச்சர், அத்லான் 2400+ போட்டுக்கலாம். 2 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனா தம்பி செய்யற வேலைக்கு அந்த 2.4 பென்டியத்துக்குச் சளைச்சதில்ல. மூவாயிரத்துச் சொச்சம் மிச்சமாகும். அதுல ராமை 128லேர்ந்து 256 ஆக்கிடலாம். அதுதான் ரொம்ப முக்கியம் டீச்சர்.”

நான் கேட்டேன்: “ஏன்டா, 2 பெரிசா, 2.4 பெரிசா? எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா?”

கடையில் நாலு பேர் இருந்தார்கள்; சிரித்தார்கள். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான்; அவனுக்கு அந்தக் கடைக்காரன் சொன்னது சரி என்று தெரியும். கடைக்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டபடியே 2.4 போட்டு, 128 ராம் போட்டு, உள்ளே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்தான்.

அந்தச் சில்லில் ஒரு குறையும் இல்லை. ஏழு வருடம் உழைத்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 128 எம்பி ராம் காணவே காணாது. இரண்டு வேலையைத் திறந்தால் பெட்டி ஹார்டு டிஸ்கைக் கரகரவென்று உருட்டிக்கொண்டு நிற்கும். 240 கோடித் துடிப்பும் துடித்துக்கொண்டு சும்மா காத்திருக்கும். பரிசோதிக்காமல் ஒற்றை எண்ணை நம்பியது நான்தான்.

மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒற்றை எண் இன்டெலையே ஒரு நாள் முட்டுச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் மின்னழுத்தத்தையும் அதே கணக்கில் குறைக்கலாம், அதனால் சூடு ஏறாது என்று 1974இலேயே ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு குழு எழுதியிருந்தது. முப்பது வருடம் அந்த நம்பிக்கையில்தான் வேகம் ஏறியது. ஓர் அளவுக்குக் கீழே மின்னழுத்தத்தைக் குறைக்க முடியவில்லை; அணைந்திருக்கும் டிரான்சிஸ்டரிலிருந்தும் மின்சாரம் கசிந்தது. 2004இல் வந்த பென்டியம் 4இல் அந்தச் சட்டி வரிசை 31 படியாக நீண்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டபோது அது உமிழும் வெப்பம் 115 வாட் என்று கணக்கிட்டார்கள். நம் பழைய நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதைவிட அதிகம், ஒரு தபால் தலை அளவுக்குள்.

4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று அறிவித்திருந்தார்கள், வரவில்லை. 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டார்கள். அதே மாதம் ஆர்லாண்டோவில் நடந்த கூட்டத்தில், இன்டெலின் தலைவர் கிரெய்க் பேரட் மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பாதி விளையாட்டுத்தான், ஆனாலும் மண்டியிட்டார். அந்த வருடமே, சில்லின் பெயரிலிருந்து கிகாஹெர்ட்ஸை எடுத்துவிட்டு வெறும் மாதிரி எண் போடத் தொடங்கியிருந்தது இன்டெல். ஏஎம்டியைப் பார்த்து எதற்கு நகைத்தார்களோ, கிட்டத்தட்ட அதையே.

வழி வேறிடத்திலிருந்து வந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு, லேப்டாப்புக்காகப் பேட்டரி தின்னாத ஒரு சில்லைச் செய்திருந்தது. துடிப்பு குறைவு, வரிசை சின்னது, சால் பெரிது. அந்த வழியில் வந்ததுதான் 2006 ஜூலையின் கோர் 2 டுவோ. மேசைக் கம்ப்யூட்டருக்கு வந்தவை 1.86 முதல் 2.67 கிகாஹெர்ட்ஸ் வரை. எண்ணில் இறங்கி, வேலையில் ஏறினார்கள். 3.8 இருந்த அலமாரியில் 1.86 வந்து உட்கார்ந்தது, முந்தியது. ஒரே சில்லுக்குள் இரண்டு மூளை, பிறகு நாலு, ஆறு, எட்டு என்று போயிற்று.

ஆக, கண்ணு, உன் 2.1 பின்னால் போகவில்லை. அது தொடர்ந்து உழைக்கும்போது காக்கும் அடிப்படைத் தாளம். அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் 4க்கு மேலும் போகும். உள்ளே ஆறு மூளை. ஒவ்வொன்றும் ஒரு துடிப்பில் செய்கிற வேலை, பரணில் கிடப்பது செய்ததைவிடப் பல மடங்கு.

அதற்காக ‘கோர்’ எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளாதே. 2011இல் ஏஎம்டி ‘எட்டு கோர்’ என்று புல்டோசர் சில்லை விற்றது. இரண்டு கோருக்கு ஒரே தசமக் கணக்குப் பிரிவு. எட்டுப் பேர் சமைக்கிறோம் என்றார்கள், அடுப்பு நாலுதான். வழக்குப் போட்டார்கள், 2019இல் 1.21 கோடி டாலர் தருவதாகச் சமரசமானது. சரி, சோதனை மதிப்பெண்ணைப் பார்க்கலாமா என்றால், பென்டியம் 4இன் ஆரம்ப கால மதிப்பெண்களை இன்டெல் தனக்குத் தோதாக வளைத்துக்கொண்டது என்று ஒரு வழக்கு. இன்டெல் மறுத்தது, 2014இல் சமரசம், வாங்கியவர்களுக்குத் தலா 15 டாலர். கேள்வித்தாளை யார் எழுதினார்கள் என்று பார்க்காமல் மதிப்பெண்ணை நம்பக் கூடாது என்று எந்த வாத்தியாரம்மாவுக்கும் தெரியுமே. நீ செய்யப்போகும் வேலையை அதே சில்லில் யாராவது ஓட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்களா என்று தேடு. நாலைந்து பேர் எழுதியதைப் பார்.

இப்போது அந்தக் கடன். என் வகுப்பில் படித்தவர்களுக்கு மனக்கணக்கு நேரம் ஞாபகம் இருக்கும். மேசை மணியைத் தட்டுவேன். விடை தெரிந்தவர் எழுந்து நிற்க வேண்டும். முதலில் எழுந்தவருக்கு நட்சத்திரம். அந்தக் கடைக்காரப் பையன் ஒரு தடவைகூட முதலில் எழுந்ததில்லை. சிலேட்டில் எழுதச் சொன்னால் அவன் விடை தப்பியதும் இல்லை. அதை நான் பார்த்தேன், நட்சத்திரம் போடவில்லை. ‘ஆமை’ என்று கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதால் வகுப்பே கூப்பிட்டது. 2003இல் கடையில் அந்த நாலு பேர் சிரித்தபோது அவன் முகத்தில் வந்தது, அந்த ஐந்தாம் வகுப்பு முகம்தான். ஒரு வருடம் கழித்து அவனே வீட்டுக்கு வந்து ராம் போட்டுவிட்டுப் போனான். பொருளுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான். “அன்னிக்கே சொன்னேனே டீச்சர்” என்று ஒரு வார்த்தை வரவில்லை.

நேற்று அவனுக்குப் போன் செய்தேன். மணி அடித்த விஷயத்தையும் கடையில் பேசியதையும் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். “விடுங்க டீச்சர்” என்றான். பிறகு லேப்டாப் பற்றிக் கேட்டேன்.

“பாப்பா என்ன வேலைக்கு வாங்குது, அதைச் சொல்லுங்க முதல்ல,” என்றான்.

சொன்னேன். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. காத்திருந்தேன்.

அவள் பார்த்து வைத்திருந்த அந்த 2.1ஏ போதும், 8 ஜிபி ராம் மட்டும் வேண்டாம், 16 இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள் என்றான். புதன்கிழமை வாங்கப் போகிறோம்.